வீடெங்கும் அடைசல், யாரும் எதையும் விடமாட்டேன் என்கிறார்கள்

ரெட்டைக்கதவு எழுதியது:

வணக்கம். புலம்பலாகத்தான் ஆரம்பிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 8. மூன்று அலமாரி இருக்கிறது, மூன்றும் மூடவில்லை. மகளின் அலமாரிக் கதவை இடுப்பால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் சாவியைத் திருப்ப வேண்டும். திறந்தால் மேல்தட்டிலிருந்து ஏதாவது ஒன்று தலையில் விழும். இவ்வளவு இருந்தும் காலையில் "போட்டுக்கொள்ள ஒன்றுமே இல்லை" என்று நிற்கிறாள். சுற்றிச் சுற்றி அவள் போடுவது அதே ஆறு உடைதான். மற்றதைக் காட்டி "யாருக்காவது கொடுத்துவிடலாமா?" என்று கேட்டால், "இருக்கட்டும்மா." எதைக் கேட்டாலும் இருக்கட்டும்மா.

மகன் வேறு வகை. கல், சக்கரம் கழன்ற வண்டி, மை தீர்ந்த பேனா, எதிலிருந்து கழன்றது என்றே தெரியாத திருகாணி. கணவரிடம் வயர்கள். எந்தக் கருவியின் வயர் என்று அவருக்கே நினைவில்லை, ஆனால் "ஒருநாள் தேவைப்படும்".

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசில் கிடந்து உறுத்துகிறது. இரண்டு வருடத்துக்கு முன் மகன் பள்ளிக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஒரு மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டேன். அதில் திமிங்கிலம் படம் போட்ட மஞ்சள் முழுக்கைச் சட்டை ஒன்று. முழங்கையில் கிழிந்து, கை மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிட்ட சட்டை. ஒரு வாரம் கழித்துத் தேடினான். "எங்கேயாவது இருக்கும்" என்று சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து வாசலில் எந்தப் பையைக் கட்டி வைத்தாலும், முடிச்சை அவிழ்த்து உள்ளே கைவிட்டுத் துழாவிப் பார்த்த பிறகுதான் செருப்பு மாட்டுகிறான். குப்பைப் பையைக்கூட விடுவதில்லை.

பிள்ளைகளை அழவைக்காமல், வீட்டுக்காரரோடு சண்டை போடாமல் யாராவது வீட்டை ஒழித்திருக்கிறீர்களா? எப்படி?


ஊசிநூல் எழுதியது:

உங்கள் மகன் தேடியது ஒரே ஒரு சட்டையைத்தான் என்பதைக் கவனியுங்கள். மூட்டையில் இருந்த மற்ற முப்பதை அவன் கேட்கவே இல்லையே? நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன். எங்கள் வீட்டில் ஆறு பேர். ஒவ்வொன்றையும் காட்டி அனுமதி வாங்கிக்கொண்டிருந்தால் அடுத்த பிள்ளை வளர்ந்து ஆளாகிவிடும். பள்ளி வண்டி கிளம்பியதும் மூட்டை, மதியத்துக்குள் வெளியே. சின்னப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? மனசாட்சியைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள்.


மொட்டைமாடி எழுதியது:

ஊசிநூல் அக்கா, கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் அந்தப் பிள்ளையாக இருந்தவன்.

எனக்குப் பத்து வயதில் ஒரு தகர டப்பா நிறைய பாட்டில் மூடிகள் இருந்தன. நிறவாரியாக அடுக்கி வைத்திருப்பேன். ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தால் டப்பாவில் பட்டன்களும் ஊசிகளும் இருந்தன. மூடிகள் போன இடம் தெரியவில்லை. அம்மாவுக்கு அது ஒரு விஷயமே இல்லை, கேட்டதற்குச் சிரித்தார். இப்போது எனக்கு 41 வயது. வாங்கிய எந்தப் பொருளின் அட்டைப்பெட்டியையும் என்னால் தூக்கிப்போட முடிவதில்லை. அந்த டப்பாதான் காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன், மனசு அவ்வளவு நேர்கோட்டில் போவதில்லை. ஆனால் என் மனைவி என் மேசையைத் துடைக்க வந்தாலே உடம்பு விறைத்துக்கொள்கிறது. அது அந்த டப்பாவிலிருந்து வந்ததுதான்.

குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட் 1953-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சில குழந்தைகள் ஒரு துணியையோ பொம்மையையோ இழுத்துக்கொண்டே திரிவார்களே, அதை அவர் இடைநிலைப் பொருள் என்றார். அது குழந்தையின் கையில் அம்மாவுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவில் நிற்கிற பொருள். அதைத் துவைத்தால்கூட வாசனை மாறி, குழந்தைக்கு அது வேறு பொருளாகிவிடலாம் என்று எழுதியிருக்கிறார். எந்தச் சட்டை அந்த மாதிரிச் சட்டை என்பது வெளியிலிருந்து பார்க்கிற நமக்குத் தெரியாது. முப்பதில் ஒன்றுதான் என்கிறீர்கள். எந்த ஒன்று?


ஊசிநூல் எழுதியது:

சரி தம்பி, அந்தக் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஆறு பேர் துணியை மடித்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

இதில் மனிதர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கையில் இருக்கும் பொருளை நாம் எல்லோருமே கூட்டித்தான் மதிப்பிடுகிறோம். கானமன், நெட்ச், தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் செய்து 1990-ல் வெளியிட்ட காபிக் கோப்பைச் சோதனை இதற்குப் பேர்போனது. மாணவர்களில் பாதிப் பேருக்குக் கோப்பை கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு இல்லை. கோப்பை கிடைத்தவர்கள் விற்கக் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் தரத் தயாராக இருந்த விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இத்தனைக்கும் கோப்பை கைக்கு வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மூன்று வருடம் போட்ட சட்டை என்றால் எப்படி இருக்கும்?

அதனால் "இது வேண்டாம்தானே?" என்று கேட்பது தோற்பதற்கென்றே கேட்கிற கேள்வி. "இது இன்றைக்குக் கடையில் தொங்கினால் எடுப்பாயா?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் வரும் பதில் வேறாக இருக்கும். என் மகனிடம் கேட்டுப் பார்த்ததில் ஒரு தட்டு நிறைய மூட்டைக்குப் போனது.

இன்னொரு சின்ன தந்திரம். ஒரு பொருளைத் தொட்டாலே அது நம்முடையது என்ற உணர்வு கூடுகிறது என்று பெக், ஷு என்ற இரு ஆய்வாளர்கள் 2009-ல் காட்டினார்கள். எனவே துணியைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். நீங்கள் பிடித்துக் காட்டுங்கள், அவன் உட்கார்ந்தபடி சொல்லட்டும். கையில் வாங்கினான் என்றால் முகர்ந்து பார்ப்பான், முகர்ந்தான் என்றால் முடிந்தது கதை.


பழையபெட்டி எழுதியது:

எல்லாரும் மனசைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் முப்பது வருடம் தையல் மிஷினில் உட்கார்ந்தவள், துணியைப் பற்றிச் சொல்கிறேன். பேரன் பேத்தி எடுத்தாயிற்று, அந்த உரிமையில் நீளமாக எழுதுகிறேன்.

நான்கிலிருந்து பத்து வயது வரை பிள்ளைகள் வருடத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்வார்கள். இந்த வருடம் சரியாக இருந்த பேன்ட் அடுத்த வருடம் கணுக்காலைக் காட்டும். அதனால் "அடுத்தவனுக்கு ஆகும்" என்று எடுத்து வைப்போம். நானும் வைத்தேன். மூத்தவனுக்கு வாங்கி இரண்டே தடவை போட்ட ஷூவைப் பெட்டியோடு ஐந்து வருடம் பரணில் வைத்திருந்தேன். இளையவனுக்குக் கால் சரியாக வந்த அன்று மாட்டிவிட்டேன். வாசல் தாண்டுவதற்குள் அடிப்பாகம் கேக் மாதிரி உதிர்ந்தது. பிள்ளை பத்தடி நடந்த இடமெல்லாம் கறுப்புத் துணுக்கு. பாலியூரித்தேன் என்ற பொருளில் செய்த அடிப்பாகம், போடாமல் வைத்திருந்தாலும் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி உள்ளுக்குள்ளேயே சிதைந்துவிடும். எலாஸ்டிக்கும் அப்படித்தான். எடுத்து வைத்த பாவாடை இடுப்பைக் காதருகே வைத்து இழுத்துப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் போய்விட்டது, திரும்பச் சுருங்காது. கம்பளி, பட்டு என்றால் அந்துப்பூச்சியின் புழு தின்னும். வைத்திருந்தால் பத்திரமாக இருக்கும் என்பது பாதிதான் உண்மை. கொடுக்க வேண்டியதை நல்ல நிலையில் இருக்கும்போதே கொடுங்கள், இன்னொரு பிள்ளையாவது போட்டுத் தேய்க்கும்.

இப்போது ரெட்டைக்கதவின் மகளுக்கு வருகிறேன். பதின்மூன்று வயதுப் பெண். அலமாரிக்குள் கையை விடாதே அம்மா, தயவுசெய்து. உடம்பு மாறிக்கொண்டிருக்கும் வயது. "இது உனக்கு இப்போது பத்தாது" என்று நீ சொன்னால், அவள் காதில் "நீ குண்டாகிவிட்டாய்" என்று விழும். உடையைப் பற்றித்தான் பேசுகிறாய் என்று அவள் எடுத்துக்கொள்ளமாட்டாள். என்னிடம் அளவு கொடுக்க வரும் பெண்பிள்ளைகளிடம் நான் மூன்றே விஷயம் சொல்வேன்: கையைத் தூக்கு, உட்கார், குனி. தூக்கும்போது அக்குள் இழுத்தாலோ, உட்காரும்போது இடுப்பு வெட்டினாலோ, குனியும்போது முதுகைக் கையால் பிடிக்க வேண்டியிருந்தாலோ, எவ்வளவு அழகான உடையாக இருந்தாலும் அவள் போடப்போவதில்லை. கழுத்துப்பட்டையில் குத்தும் லேபிளுக்காகவே போடாமல் கிடக்கும் சட்டைகள் எத்தனையோ உண்டு. அதைக் கத்தரித்துவிட்டால் சட்டைக்கு மறுபடி உயிர் வரும். இந்த மூன்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நீ வெளியே வந்துவிடு.

மகனுக்கு ஒரு பெட்டி கொடு. மூடியுள்ள பெட்டி, அவன் கையால் தூக்க முடிகிற அளவு. அதற்குள் என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், கல்லோ திருகாணியோ. உள்ளே யாரும் கைவைக்கக் கூடாது, நீ உள்பட. மூடி மூடவில்லை என்றால் எதை எடுப்பது என்று முடிவு செய்வது அவன் பாடு. "போதும், எடு" என்று நீ சொல்ல வேண்டியதே இல்லை, அதைப் பெட்டி சொல்லிவிடும்.


ரெட்டைக்கதவு எழுதியது:

பெரியம்மா, கேக் மாதிரி உதிர்ந்த ஷூவைப் படித்துவிட்டு எழுந்து போய்ப் பரணைப் பார்த்தேன். எங்கள் வீட்டிலும் ஒரு ஜோடி இருக்கிறது. விரலால் அழுத்தினேன், பள்ளம் விழுந்துவிட்டது.

பெட்டி யோசனை பிடித்திருக்கிறது. ஆனால் வயர்க்காரருக்கு என்ன செய்வது? அவருக்குப் பெட்டி கொடுத்தால் நாலு பெட்டி கேட்பார்.


தூங்காதவன் எழுதியது:

வயர்க்காரர்கள் சார்பில் ஆஜராகிறேன்.

நான் இரண்டு கீபோர்டு, ஓடாத ஒரு துளைக்கும் இயந்திரம், கல்லூரிக் காலத்து டீஷர்ட் பதினான்கு எல்லாம் வைத்திருந்தவன். என் மனைவி "இந்தக் குப்பையை எப்போது எடுக்கப்போகிறீர்கள்?" என்று கேட்பாள். உள்ளதைச் சொல்கிறேன், அந்தச் சாமான்களை நான் நினைத்தே மாதங்கள் ஆகியிருக்கும். ஆனால் குப்பை என்ற சொல் காதில் விழுந்த நொடியே நான் அவற்றின் வக்கீலாகிவிடுவேன். "அது குப்பை இல்லை, மோட்டாரை மட்டும் மாற்றினால் ஓடும்" என்று வாதாடுவேன். வாதாடியதற்காகவே அடுத்த ஒரு வருடம் அது அங்கே இருக்க வேண்டியதாகிவிடும்.

மாறியது எப்படி என்றால், ஒருநாள் அவள் தன்னுடைய பழைய கைப்பைகளை எடுத்து நடுக்கூடத்தில் பரப்பி உட்கார்ந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்தாறைத் தனியே வைத்தாள். ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தாள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு நிம்மதி வந்தது. இவளும் எல்லாவற்றையும் விடச் சொல்லும் ஆள் இல்லை போலிருக்கிறதே என்று. அந்த ஞாயிற்றுக்கிழமையே டீஷர்ட்டுகளை எடுத்தேன். பதினான்கில் மூன்று மிஞ்சின.

வயர்களுக்கு நான் செய்தது: எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, மேலே அன்றைய தேதியை எழுதினேன். தேவைப்பட்டால் பிரித்து அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆறு மாதம் கழித்தும் உள்ளேயே கிடப்பவை மின்கழிவு சேகரிக்கும் இடத்துக்கு. வீட்டுக் குப்பையோடு போடாதீர்கள், உள்ளே செம்பு இருக்கிறது. தேதியை எழுதுவது அவர் கையெழுத்தில் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.


மொட்டைமாடி எழுதியது:

தூங்காதவன் அண்ணா, என் அட்டைப்பெட்டிகளுக்கும் இதைச் செய்துபார்க்கிறேன்.

ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும். இங்கே நாம் பேசுவது சாதாரண அடைசலைப் பற்றி. வீட்டில் யாராவது நடக்க வழியில்லாமல், படுக்கையில் படுக்க இடமில்லாமல் சேர்த்துக்கொண்டே போகிறார்கள், எதையாவது எடுத்தால் துடித்துப்போகிறார்கள் என்றால் அது வேறு கதை. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடு 2013 பதிப்பிலிருந்து அதைத் தனி நோயாகவே வகைப்படுத்தியிருக்கிறது. அப்படிப்பட்டவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து வீட்டைக் காலி செய்வது மிகவும் ஆபத்து. மறுபடி நிறைந்துவிடும், கூடவே நம்மேல் இருந்த நம்பிக்கையும் போய்விடும். மருத்துவரிடம் அழைத்துப் போவதுதான் வழி.


ஊசிநூல் எழுதியது:

விட மனசில்லாத நினைவுப் பொருளைப் படம் எடுத்துக்கொண்டு கொடுத்துவிடலாம் என்கிறார்களே, அது நிஜமாக வேலை செய்யுமா? எனக்கு நம்பிக்கை இல்லை. படம் போனில் கிடக்கும், பொருள் பரணில் கிடக்கும், இரண்டும் இருக்கும்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

வேலை செய்கிறது அக்கா, ஓரளவுக்கு. 2017-ல் வெளியான ஓர் ஆய்வுக்காகப் பல்கலைக்கழக விடுதிகளில் நன்கொடைக்குப் பொருள் கேட்டார்கள். சில விடுதிகளில் சும்மா கேட்டார்கள், சிலவற்றில் நினைவுள்ள பொருளைப் படம் எடுத்துக்கொண்டு கொடுங்கள் என்றார்கள். படம் எடுக்கச் சொன்ன இடங்களில் கூடுதலாகக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் மகன் ஒவ்வொன்றையும் போட்டுக்கொண்டு நின்று படம் எடுக்கச் சொல்வான். பொருள் மட்டும் தரையில் கிடக்கிற படத்தை அப்புறம் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

பொம்மைகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும்: 2018-ல் டொலிடோ பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், 16 பொம்மைக்கு நடுவில் விட்டபோது விளையாடியதைவிட, 4 பொம்மையோடு விட்டபோது அதே தளிர்நடைக் குழந்தைகள் ஒவ்வொன்றிலும் கூடுதல் நேரம், பலவிதமாக விளையாடினார்கள். எனவே மீதியை உடனே கொடுத்துவிடக்கூட வேண்டாம். பாதியைக் கண்ணில் படாமல் எடுத்து வைத்து, மாதம் ஒருமுறை மாற்றிக் கொடுத்தாலே வீட்டில் தரை தெரியும். பிள்ளையிடம் சொல்லிவிட்டு எடுத்து வையுங்கள், அவ்வளவுதான்.


பழையபெட்டி எழுதியது:

கொடுக்கும் துணியைப் பற்றி ஒரு வார்த்தை. துவைத்து, பட்டன் தைத்து, மடித்துக் கொடுங்கள். கிழிந்ததைக் கொடுத்துவிட்டு நல்லது செய்தோம் என்று நினைக்கக் கூடாது, வாங்குபவர் அதை உங்களுக்குப் பதிலாகக் குப்பையில் போட வேண்டியிருக்கும். பழைய துணியை வாங்கிப் புதுத்துணி ஆக்கிவிடுகிறார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. ஆடைக்காகச் செலவாகும் நூலில் நூற்றுக்கு ஒன்றுகூட மறுபடி ஆடையாவதில்லை என்று எலன் மெக்ஆர்தர் அறக்கட்டளை 2017-ல் கணக்குச் சொல்லியிருக்கிறது. பருத்தி என்றால் கிழித்துத் துடைக்கும் துணியாக்குங்கள். பாலியெஸ்டர் தண்ணீரை இழுக்காது, துடைக்க முயன்று கோபப்படாதீர்கள்.


ரெட்டைக்கதவு எழுதியது:

மூன்று வாரம் ஆயிற்று. நடந்ததை எழுதுகிறேன்.

தூங்காதவன் சொன்னபடி முதலில் என் சாமானை எடுத்தேன். எனக்கென்று என்ன பெரிதாக இருக்கப்போகிறது என்ற நினைப்பில்தான் ஆரம்பித்தேன். கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி. பிள்ளைகள் இருவரின் கைக்குழந்தைத் துணிகள், அத்தனையும். கூடவே, மறுபடி மெலிந்தால் போடலாம் என்று நான் பத்து வருடமாக வைத்திருந்தவை. வீட்டிலேயே பெரிய மூட்டை என்னுடையதுதான். மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். உள்ளங்கை அளவுக் காலுறையைக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு "இது நானா?" என்று கேட்டான். இரண்டு பேருக்கும் மும்மூன்று வைத்துக்கொண்டு மற்றதைக் கட்டினேன்.

அப்போதே திமிங்கிலச் சட்டை விஷயத்தையும் சொல்லிவிட்டேன். நான்தான் கொடுத்தேன், கேட்டபோது பொய் சொன்னேன் என்று. அழுவான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் காலுறையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "யாருகிட்ட இருக்கு? அந்தப் பையனுக்குத் திமிங்கிலம் பிடிக்குமா?" என்றான். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். பிடிக்காமல் இருந்தால் திருப்பிக் கேட்கலாமா என்றான். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

மகளுக்குப் பெரியம்மாவின் மூன்று சோதனையைச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஒரு மணி நேரம் கதவு திறக்கவில்லை. திறந்தபோது தரையில் பதினொரு உடை. அதில் நாலைந்து லேபிள்கூடக் கிழிக்காதவை, எல்லாம் நான் தேடித் தேடி வாங்கியவை. "பிடிக்காததை ஏன் இவ்வளவு நாள் வைத்திருந்தாய்?" என்று கேட்டேன். "நீ ஆசையா வாங்கின. வேண்டாம்னு சொன்னா உன் முகம் ஒரு மாதிரி ஆயிடும்." அந்த இருக்கட்டும்மா எல்லாம் எனக்காகச் சொன்னதாம். இனிமேல் அவள் இல்லாமல் அவளுக்கு ஒன்றும் வாங்குவதில்லை என்று பேசியிருக்கிறோம். அலமாரிக் கதவு இப்போது ஒரு கையாலேயே மூடுகிறது.

பெட்டி மகனிடம் இருக்கிறது. மூடி மூடவில்லை, மேலே ஒரு புத்தகத்தை வைத்து அழுத்தியிருக்கிறான். நான் கண்டுகொள்ளவில்லை.


ஊசிநூல் எழுதியது:

நானும் இந்த வாரம் மூட்டை கட்டும்முன் கடைக்குட்டியைக் கூப்பிட்டேன், வேறு யாரையும் இல்லை. ஒருத்திதான், ஆனால் மதியம் முழுக்க ஆகிவிட்டது. மற்ற ஐந்து பேரைப் பற்றி இப்போதைக்குக் கேட்காதீர்கள்.

வாசல் பையை இன்னும் அவிழ்த்துப் பார்க்கிறானா?


ரெட்டைக்கதவு எழுதியது:

பார்க்கிறான் அக்கா. நேற்றுகூட. பார்த்துவிட்டு, முன்பெல்லாம் அப்படியே விட்டுப்போவான், இப்போது மறுபடி முடிச்சுப் போட்டுவைக்கிறான்.


தூங்காதவன் எழுதியது:

வயர்ப் பெட்டி?


ரெட்டைக்கதவு எழுதியது:

அவர் கையெழுத்தில் தேதி போட்டுப் பரணுக்குப் போனது. நான்காம் நாள் பிரிந்துவிட்டது. பழைய கேமராவிலிருந்து படங்களை எடுக்க ஒரு வயர் தேவைப்பட்டது, அது அதில்தான் இருந்தது. இரண்டு நாளாக அந்த வயரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீடெல்லாம் நடக்கிறார்.